காருக்குள் சைலன்சர் சத்தம்: தரையில் மெத்தை ஒட்டும் முன் அடியில் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் 2010-ஆம் ஆண்டில் வாங்கிய, மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. மாதம் இருமுறை என் தாயாரைக் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் பள்ளிகொண்டா அருகே ஒரு வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் இடித்து, சைலன்சர் தொங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் அதைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிக் கொடுத்தார். அதிலிருந்து 55, 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிக்குள் ‘உம்ம்’ என்ற இரைச்சல் காதை அடைக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ‘பட பட’ என்றும் கேட்கிறது. இன்ஜின் சூடானதும் அது குறைகிறது. பின்சீட்டில் அமரும் அம்மா, ஊர் போய்ச் சேர்வதற்குள் தலை பாரமாகிவிடுகிறது என்கிறார். சைலன்சரை முழுதாக மாற்ற இப்போது வசதியில்லை. வண்டியின் தரையில் தென்னைநார் மெத்தையும் தெர்மாகோலும் ஒட்டலாமா? ஓட்டை இருந்தால் எம்-சீல் வைத்து அடைக்கலாமா? புகைக்குழாயின் வாயில் இரும்பு நார் திணித்தால் சத்தம் அடங்கும் என்கிறாரே ஒருவர், அது சரியா? 2,500 ரூபாய்க்குள் வீட்டிலேயே செய்யக்கூடிய வழியைச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

கடிதம் முழுவதும் சத்தத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் தலைபாரத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நான் அந்த வரியிலிருந்தே தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். பின்சீட்டில் இருப்பவருக்கு வண்டி ஓடும்போது தலை கனத்து, இறங்கிக் காற்றோட்டத்தில் சற்று நேரம் இருந்தபின் தெளிகிறது என்றால், இரைச்சலோடு சேர்ந்து புகையும் உள்ளே வருகிறது என்றே முதலில் எண்ண வேண்டும். பெட்ரோல் எரிந்த புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று அது காட்டும் அறிகுறிகள் எல்லாம் வெயிலில் பயணம் செய்தவருக்கும் வரக்கூடியவை என்பதால், வேலூர் வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தச் சாதாரணக் கருவியால் பிரித்தறிய முடியாது. ஆகவே, அடியில் கசிவு இல்லை என்பது உறுதியாகும் வரை அம்மாவை இந்த வண்டியில் ஏற்றாதீர்கள். வேலூருக்குப் பேருந்து இருக்கிறது, காட்பாடி வரை ரயிலும் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, காரில் வரும்போது தலை கனக்கிறது என்பதையும் வண்டியில் புகைக் கசிவு இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காட்பாடியில் நான் பட்டறை தொடங்கிய புதிதில், இதே போன்ற இரைச்சலோடு ஒரு வண்டி வந்தது. வண்டிக்காரர் செலவைக் குறைக்கச் சொன்னார். நானும் அடியில் சரியாகப் பார்க்காமல், தரை முழுவதும் கனமான ஃபெல்ட் விரித்து ஒட்டிக் கொடுத்தேன். சத்தம் குறைந்தது, அவரும் மகிழ்ச்சியுடன் போனார். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போகும் வழியில் பின்சீட்டில் இருந்த இரண்டு குழந்தைகளும் வாந்தி எடுத்தார்கள். மலைப் பாதையின் வளைவுகளால் வந்த வாந்தி என்றே அவர்கள் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். புகைக்குழாயின் இணைப்பில், இரு பாகங்களுக்கு நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் கருகிப்போய், புகை நேராகத் தரைத் தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கசிவை அறிவித்துக்கொண்டிருந்த சத்தத்தை நானே அமுக்கி வைத்திருந்தேன். அன்றிலிருந்து, அடியில் பார்க்காத எந்த வண்டிக்கும் உள்ளே ஒரு துண்டு ஃபெல்ட்கூட ஒட்டியதில்லை.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வேறுபட்ட சத்தங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் காரணமும் வெவ்வேறாகவே இருக்கும். காலையில் ‘பட பட’ என்று வந்து சூடானதும் குறையும் சத்தம், ஏதோ ஓர் இணைப்பில் சிறிய இடைவெளி இருப்பதைக் காட்டுகிறது. இரும்பு சூடேறி விரியும்போது அந்த இடைவெளி ஓரளவு அடைபடுகிறது, ஆறினால் மறுபடி திறந்துகொள்கிறது. சத்தம் குறைந்ததால் கசிவு நின்றுவிட்டது என்று பொருளில்லை. இந்த வகைக் கசிவு பெரும்பாலும் இன்ஜினை ஒட்டி, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டிலோ, அதற்குக் கீழே முன்குழாய் சேரும் இடத்திலோ இருக்கும். உங்கள் வண்டி வேகத்தடையில் இடித்திருப்பதால், அந்த இழுப்பில் இணைப்பு நெகிழ்ந்திருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழும் ‘உம்ம்’ வேறு கதை. அதற்குக் கட்டுக்கம்பியையே நான் முதலில் சந்தேகிப்பேன். மூன்று சிலிண்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு மூன்று முறை புகையைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் நொடிக்கு 40 சுற்று, அதாவது நொடிக்கு 60 துடிப்பு. இந்தத் துடிப்பில் சைலன்சர் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் வண்டியின் உடலுக்கு ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கம்பெனியில் அதை ரப்பரில் தொங்கவிடுகிறார்கள். ரப்பர் இருந்த இடத்தில் கம்பியை முறுக்கிக் கட்டினால், வீணையின் தந்தி குடத்துக்கு ஒலியைக் கொண்டுசேர்ப்பது போல, அந்தக் கம்பி முழு அதிர்வையும் தரைத் தகட்டுக்கு ஏற்றிவிடுகிறது. வண்டியின் கூடும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணில் எளிதில் முழங்குமோ, அதை இன்ஜினின் துடிப்பு எட்டும் வேகத்தில் இரைச்சல் திடீரென்று எழும்; அந்த வேகத்தைத் தாண்டினால் தணியும். வழியில் நின்றுபோன வண்டியை வீடு கொண்டுசேர்க்கக் கம்பி கட்டிய அந்த மனிதர் நல்லதே செய்தார். வீடு சேர்ந்ததும் அதை அவிழ்க்காமல் மூன்று மாதம் ஓட்டியதுதான் பிழை.

எனினும், என் ஊகத்தை மட்டும் நம்பிச் செலவு செய்ய வேண்டாம். சத்தம் உண்மையிலேயே புகைக்குழாயிலிருந்துதான் வருகிறதா என்பதைக் காசில்லாமல் அறியலாம். ஆளில்லாத நேரான சாலையில் அம்மா இல்லாமல், கண்ணாடிகளை எல்லாம் திறந்துவைத்து, அதே 55 கிலோமீட்டர் வேகத்தை ஒரு முறை நான்காம் கியரிலும் ஒரு முறை ஐந்தாம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியரை மாற்றியதும் இரைச்சலின் சுருதி மாறினால் அது இன்ஜினையும் சைலன்சரையும் சேர்ந்தது. எந்தக் கியரிலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் டயரையோ சக்கர பேரிங்கையோ பார்க்க வேண்டும். அப்படியானால் இந்தப் பதிலின் மீதிப் பகுதி உங்களுக்கு அதிகம் பயன்படாது.

அடுத்தது அடியில் பார்ப்பது. ஜாக்கியில் தூக்கி வைத்த வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்; ஸ்டெப்னி மாற்றுவதற்காகக் கொடுத்த ஜாக்கி அது, மனித உயிரை நம்பி ஒப்படைக்கத் தக்கதன்று. அதைவிட எளிய வழி, லிஃப்டோ பள்ளமோ உள்ள வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், அடிப்பாகத்தைக் கழுவும் முன்பே பத்து நிமிடம் பார்க்க அனுமதி கேட்பது. கழுவிய பின் பார்த்தால் தடயம் போய்விடும். புகை கசியும் இடத்தில் கரி படிந்து கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ கோடு இழுத்தது போல் இருக்கும். ரப்பர்கள் எத்தனை, அவற்றில் எத்தனை அறுந்தவை, எத்தனை வெடித்து இறுகியவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். குழாய் எங்காவது தரைத் தகட்டையோ பின் ஆக்சிலையோ உரசியிருந்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். குழாயைச் சுற்றி இரண்டு விரல் அளவாவது இடைவெளி வேண்டும், ஏனென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் தன் மவுண்டிங்கில் சாய்ந்து குழாயையும் கூடவே இழுக்கும். வண்டி நன்றாக ஆறியிருந்தால் சைலன்சரைக் கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகல என்றால் தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கழன்றுவிட்டது, அதை எந்த வீட்டு வைத்தியமும் சரி செய்யாது.

கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடிக்க நான் இன்றும் செய்வது இது. இன்ஜினை அணைத்து, முழுதும் ஆறவிட்டு, காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வாக்குவம் கிளீனர் அல்லது புளோயரின் குழாயைப் புகைக்குழாயின் வாயில் வைத்து, சுற்றிலும் துணியால் அடைத்துக் காற்றை ஊதவிட வேண்டும். பிறகு சோப்பு நீரை ஓர் இணைப்பையும் விடாமல் தெளித்துக்கொண்டே போனால், கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். சைலன்சரின் அடிப்பாகத்தில் மிகச் சிறிய, ஒழுங்கான வட்டத் துளை ஒன்றிலும் கொப்பளிக்கலாம். அதை ஓட்டை என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். நீர் வடிவதற்காகக் கம்பெனியே போட்ட துளை அது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. கடைத்தெரு வரை போய்த் திரும்பும் வண்டியில் சைலன்சர் போதிய அளவு சூடேறாததால் அந்த ஆவி உள்ளேயே நீராகத் தங்கி, இரும்பை உள்ளிருந்து அரிக்கிறது. மாதம் இருமுறை மட்டும் தூரம் போகும் உங்கள் வண்டிக்கு அந்தத் துளை மிகவும் தேவை.

ரப்பர்களைப் பொறுத்தவரை சிக்கனம் பார்க்க வேண்டாம். உங்கள் மாடலுக்கான சைலன்சர் ரப்பரைக் கேட்டு வாங்கி, ஒன்று அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சிறிய கார்களுக்கு இவை மலிவானவைதான். உங்கள் தொகையில் பெரும்பகுதி மிச்சமிருக்கும். ரப்பரின் துளையில் சோப்பு நீர் தடவினால் கொக்கியில் எளிதாக ஏறும்; எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் விரைவில் கெடும். பழைய டியூபை வெட்டி மாட்டுவது வழியில் ஒரு நாள் சமாளிக்க உதவும், அதற்கு மேல் நிற்காது. கம்பியை அவிழ்த்துப் புது ரப்பர் மாட்டிய அன்றே ‘உம்ம்’ சத்தத்தில் பெரும் வேறுபாடு தெரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

கசிவுக்கு, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து மருந்து மாறும். பின்பக்கக் குழாயிலோ சைலன்சரிலோ சிறு ஓட்டை என்றால், துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புகைக்குழாய்க்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் பேஸ்ட்டைத் தடவி, தகர டப்பாவிலிருந்து வெட்டிய பட்டையை அதன்மேல் சுற்றி, இரு முனையிலும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கலாம். சில மாதங்களுக்கு அது தாங்கும். எம்-சீல் தண்ணீர்க் குழாய்க்கு நல்லது. சில நூறு டிகிரி வெப்பம் ஏறும் புகைக்குழாயில் அது கருகி உதிர்ந்துவிடும். இணைப்பில் கசிவு என்றால் புதுக் கேஸ்கெட்டும் புதுப் போல்ட் நட்டும் போட்டால் போதும், ஆனால் துருப்பிடித்த பழைய போல்ட்டைக் கழற்றும்போது அது முறிந்துபோகும் அபாயம் இருப்பதால், மேனிஃபோல்டு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். வெல்டிங் தேவைப்பட்டால் சைலன்சரைத் தனியே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெட்ரோல் டாங்கிக்கு அருகில் தீப்பொறி பறக்க வேண்டாம். வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், குறைந்தபட்சம் பேட்டரியின் நெகட்டிவ் வயரையாவது கழற்றச் சொல்லுங்கள், இல்லையேல் இன்ஜினின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகக்கூடும். ராணிப்பேட்டையில் பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளால் மெல்லிய தகட்டைப் பொத்துவிடாமல் பற்றவைக்கத் தெரிந்த கைகளுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை.

இரும்பு நார் திணிக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். புகை வெளியேற வழியின்றி இன்ஜின் திணறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஏற்கெனவே நெகிழ்ந்திருக்கும் இணைப்பின் வழியாக இன்னும் வேகமாகப் புகை கசியும். உங்கள் அம்மாவுக்கு இதைவிடக் கேடான ஒரு ‘சரிசெய்தல்’ இருக்க முடியாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போட்டுத் தருகிறோம் என்று யாரேனும் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நச்சுப் புகையைக் குறைக்கும் பாகம் அது, கூடவே சத்தத்தையும் ஓரளவு விழுங்குகிறது. சத்தத்துக்கும் புகைக்கும் உரிய வரம்பை மீறும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமுண்டு.

வெளிவேலை முடிந்த பின்புதான் உள்வேலை. அதிலும் முதலில் செய்ய வேண்டியது, புகையும் ஒலியும் ஒருசேர நுழையும் சந்துகளை அடைப்பது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, வெளியேறிய புகை அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங் தளர்ந்திருந்தால் அது உள்ளே இழுக்கப்படும். ஒரு துண்டு காகிதத்தைப் பீடிங்கின் மேல் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் டிக்கிக்குள் டார்ச் விளக்கை எரியவிட்டு மூடிவிட்டு, வெளியிலிருந்து ஒளி கசிகிறதா என்றும் பார்க்கலாம். தரை மேட்டைத் தூக்கினால், உலோகத்தில் ஆங்காங்கே வட்ட ரப்பர் மூடிகள் இருக்கும். பழைய வண்டிகளில் இரண்டொன்று காணாமல் போயிருக்கும். அவற்றையும், பெடல்களுக்கு மேலே வயர்கள் நுழையும் இடத்தில் காய்ந்து வெடித்த குரோமெட்டுகளையும் (ரப்பர் வளையங்கள்) மாற்ற ஆகும் செலவு மிகச் சிறிது, பயனோ மிகப் பெரிது.

கடைசியாகத் தென்னைநாரும் தெர்மாகோலும். நொடிக்கு 60 முதல் 80 வரை அதிரும் ஒலியின் ஓர் அலை நான்கிலிருந்து ஆறு மீட்டர் நீளம் இருக்கும். இரண்டு விரல் கனமுள்ள நார் மெத்தை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தெர்மாகோலுக்கு எடையே இல்லை. தாழ்ந்த சுருதி ஒலியைத் தடுக்க எடை வேண்டும், அல்லது அதிரும் தகட்டின் மேல் பிசினைப் போல ஒட்டிக்கொண்டு அதன் ஆட்டத்தை உறிஞ்சும் பொருள் வேண்டும். தென்னைநாருக்கு இன்னொரு குறையும் உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே வந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, தரைத் தகட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்க வைக்கும்.

மிச்சப் பணம் இருந்தால், அலுமினியம் முகமிட்ட பியூட்டைல் ஷீட் (தகட்டில் பிசினைப் போல ஒட்டும் ரப்பர் ஷீட்) சிலவற்றை வாங்குங்கள். டிக்கியின் தரை, ஸ்டெப்னிக் குழி, பின்சக்கர வளைவு ஆகியவற்றை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போய், ‘டங்’ என்று ஒலிக்கும் தகட்டின் நடுப்பகுதியில் ஒட்டுங்கள். ‘டொக்’ என்று ஒலிக்கும் இடத்துக்கு எதுவும் தேவையில்லை. தகட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மூடினாலே பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மொட்டைமாடிக்குப் போடும் தார் ஷீட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று ஒட்டிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அது இளகி நாறும். கால் வைக்கும் தரையில், ஏற்கெனவே இருக்கும் கார்ப்பெட்டின் மேல் கனமான ரப்பர் ஷீட்டை அளவாக வெட்டி விரிக்கலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் காலணித் தொழிலுக்கு ஷீட் விற்கும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். ஆனால் எடை குறைந்த ஈ.வி.ஏ. நுரை ஷீட்டாக இல்லாமல் எடையுள்ள ரப்பராகக் கேளுங்கள். ஓட்டுநர் பக்கத்தில் அது மடிந்து பெடலுக்கு அடியில் போய்விடாதபடி பொருத்துவது முக்கியம். புகைக்குழாய்க்கு நேர் மேலே, வண்டிக்கு வெளிப்புறத்தில் மட்டும் எந்தப் பொருளையும் ஒட்டக் கூடாது. அங்கே உள்ள வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருந்தால் அதைத் திரும்ப முடுக்குங்கள்.

எதிர்பார்ப்பு அளவாக இருக்கட்டும் என்பதற்காக ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சம அளவு சத்தம் வரும் இரண்டு வழிகளில் ஒன்றை முழுதாக அடைத்தாலும் 3 டெசிபல்தான் குறையும். சத்தம் பாதியாகிவிட்டதாக நம் காது உணர வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகையால் ஷீட் ஒட்டி ஏமாற்றமடைந்தவர்கள் பலர், பெரிய வழியைத் திறந்துவைத்துவிட்டுச் சிறிய வழியை அடைத்தவர்களே. ரப்பர், கசிவு, பீடிங், பிறகு ஷீட் என்ற வரிசையில் போனால், மூன்றாவது படியிலேயே உங்களுக்குப் போதும் என்று தோன்றிவிடக்கூடும். அப்போது ஷீட்டுக்கான பணத்தை அடுத்த ஆண்டு சைலன்சர் மாற்றுவதற்கென்று எடுத்து வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், சோப்பு நீர்ச் சோதனையை மறுபடி ஒரு முறை செய்து நுரை வரவில்லை என்று கண்டபின், முதலில் நீங்கள் மட்டும் வேலூர் வரை போய்த் திரும்புங்கள். அந்தப் பயணத்தில் கிளிப்புகளும் புதுக் கேஸ்கெட்டும் சூடேறி ஆறி ஓரளவு அமர்ந்துகொள்ளும் என்பதால், மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். அதன்பிறகு அம்மாவை அழைத்துப் போகலாம். முதல் இரண்டு பயணங்களுக்கு அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியைத் திறந்தே வைத்திருங்கள். அப்போதும் அவருக்குத் தலை கனத்தால், வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, மேனிஃபோல்டிலிருந்து பின்குழாய் வரை ஒரு பட்டறையில் முழுதாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.